ஒரு சோறு பதம் போதுமா?

அடுப்பில் பானை கொதிக்கிறது. அம்மா அகப்பையை விட்டு நாலு சோற்றை எடுக்கிறாள். ஒன்றை விரலால் நசுக்கிப் பார்க்கிறாள். "வெந்துவிட்டது" என்று சொல்லிப் பானையை இறக்குகிறாள்.

பானை நிறையச் சோறு இருக்கிறது. ஒவ்வொன்றையும் நசுக்கிப் பார்த்தால் என்ன ஆகும்? பொழுது சாய்ந்துவிடும். பிள்ளைகள் பசியோடு தூங்கிவிடும். அதனால்தான், "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

இதே வேலையை மலைக் காடுகளில் விஞ்ஞானிகள் செய்கிறார்கள். ஒரு காட்டில் எத்தனை வகை மரங்கள் இருக்கின்றன என்று அறிய வேண்டும். எல்லா மரத்தையும் பார்க்க முடியாது. அதனால் ஏதாவது ஒன்றை அளந்து பார்த்து, மற்றதை மதிப்பிடுகிறார்கள். இதற்கு மாற்று அளவுகோல் என்று பெயர்.

இது நல்ல வழிதான். ஆனால் எந்தச் சோற்றை எடுத்துப் பார்ப்பது? சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. தவறான சோற்றை எடுத்தால் வேகாத பானை வெந்ததாகத் தெரியும். அதேபோல, அழிந்த காடு வளர்ந்த காடாகத் தெரியும்!

இது விஞ்ஞானிகளின் விவகாரம், நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். இது நம் வீட்டுக் குடத்துத் தண்ணீர் விவகாரம்.

மலை கொடுக்கும் தண்ணீர்

குஜராத்தில் தொடங்கி, கன்னியாகுமரி அருகே வரை நீண்டு கிடக்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. நீளம் சுமார் 1,600 கிலோ மீட்டர். காவிரி இந்த மலையில்தான் பிறக்கிறது. பவானியும், வைகையும், தாமிரபரணியும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. 2012-ம் ஆண்டில் இந்த மலையின் 39 பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

இங்கே உள்ள பல மரங்கள் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. இங்கே அழிந்தால், உலகத்திலேயே அழிந்தது போலத்தான்.

"மரம் இருந்தால் போதாதா? எந்த மரமாக இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

போதாது. ஒரு மரம் மாசியில் பூக்கும். இன்னொன்று ஆடியில் பழுக்கும். ஒன்றின் பழத்தைப் பறவை தின்னும். இன்னொன்றின் பூவில் வவ்வால் தேன் குடிக்கும். பல வகை மரங்கள் இருந்தால்தான் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு ஜீவனுக்கு இரை கிடைக்கும். ஒரு வகைக்கு நோய் வந்தாலும், மற்ற வகைகள் தாங்கி நிற்கும். ஒரே மரம் மட்டும் உள்ள காடு, ஒரே தூணில் நிற்கும் வீடு மாதிரி.

ஆகவே, மரங்களின் எண்ணிக்கை வேறு. மரங்களின் வகை வேறு. நாம் கேட்க வேண்டியது இரண்டாவது கணக்கு.

ஏன் எல்லாவற்றையும் எண்ண முடியாது?

நீலகிரியின் அடிவாரத்தில் முதுமலைக் காடு இருக்கிறது. அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை, அதாவது சுமார் 120 ஏக்கரை, 1988-ம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழக விஞ்ஞானிகள் அளந்து எடுத்தார்கள். விரல் பருமன் மரத்தைக்கூட விடவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள். பெயரை எழுதினார்கள். பருமனை அளந்தார்கள். மரங்கள் சுமார் 25 ஆயிரம். வகைகள் சுமார் 70.

அந்த 120 ஏக்கருக்கே அவ்வளவு உழைப்பு! அதுவும் முதுமலை, இலை உதிர்க்கும் வறண்ட காடு. நடந்து போக ஓரளவு வழி இருக்கும். மழைக் காட்டில் கதையே வேறு. மரம் 100 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும். இலை உச்சியில் இருக்கும். பூவும் உச்சியில் இருக்கும். அந்தப் பூவும் சில மாதம்தான் வரும். கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது அடிமரமும் பட்டையும்தான். காலில் அட்டை ஏறும். சரிவில் கால் வழுக்கும். எதிரே யானை வரும்.

இப்படி 1,600 கிலோ மீட்டர் மலையையும் எண்ணி முடிக்க எத்தனை தலைமுறை வேண்டும்? அதற்குள் காடு இருக்குமா?

அதனால்தான் மாற்று அளவுகோல்களைத் தேடினார்கள். அவற்றில் நாலு வகையைப் பார்ப்போம்.

வீட்டை எண்ணினால் ஆள் தெரியும்

ஓர் ஊரில் எத்தனை பேர் என்று அறிய வேண்டும். ஆளை எண்ண நேரம் இல்லை. என்ன செய்யலாம்? எத்தனை குடும்ப அட்டை என்று கேட்கலாம். அட்டை அதிகம் உள்ள ஊரில் ஆளும் அதிகம் இருப்பார்கள்.

மரங்களுக்கும் குடும்பம் உண்டு. மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். வேம்பும் மலைவேம்பும் ஒரே குடும்பம். ஒரு மரத்தின் சரியான பெயரைச் சொல்வது கஷ்டம். அது எந்தக் குடும்பம் என்று சொல்வது சுலபம். பயிற்சி பெற்றவர் இலையையும் பட்டையையும் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டு என்ற ஆங்கில விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் 1996-ம் ஆண்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது இலங்கைக் காடுகளை. குடும்பங்கள் அதிகம் உள்ள காட்டில் மர வகைகளும் அதிகம் இருந்தன. செலவோ மிகவும் குறைவு!

நாட்டாண்மை மரங்கள்

இரண்டாவது வழி, காட்டின் தலைமை மரங்களைப் பார்ப்பது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955-ம் ஆண்டில் தொடங்கியது. அங்கே இருந்த விஞ்ஞானிகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் காட்டு வரைபடம் தயாரித்தார்கள். ஒவ்வொரு காட்டுக்கும் அங்கே ஓங்கி நிற்கும் இரண்டு மூன்று மரங்களின் பெயரையே வைத்தார்கள். தெற்கே நடு உயரத்தில் உள்ள மழைக் காட்டுக்கு வெடிப்பலா, நாங்கு, பாலி ஆகிய மூன்று மரங்கள் அடையாளம்.

வெடிப்பலாவின் காய் முள் முள்ளாக இருக்கும். முற்றினால் வெடிக்கும். அதன் பூவைத் தேடி வவ்வால் வரும். மரநாய் வரும். குரங்கு வரும். அந்த மரம் செழித்து நின்றால், அதைச் சுற்றி ஒரு முழுக் காடே இருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

குரங்கு சொல்லும் சாட்சி

மூன்றாவது வழி, மிருகத்தையும் பறவையையும் பார்ப்பது. சிங்கவால் குரங்கு மரத்திலேயே வாழும் பிராணி. வருடம் முழுவதும் பழமும் பூவும் வேண்டும் என்றால், பல வகை மரம் வேண்டும். இருவாச்சிப் பறவை பெரிய கிழட்டு மரத்தின் பொந்தில்தான் கூடு வைக்கும். ஆகவே இவை இரண்டும் இருந்தால், அது நல்ல காடு என்று சொல்வார்கள்.

கேரளத்தில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டம் போட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள். அந்தப் போராட்டத்தின் சின்னமாகச் சிங்கவால் குரங்கு ஆனது. 1984-ம் ஆண்டில் அந்த இடம் தேசியப் பூங்கா ஆயிற்று. ஒரு குரங்கு சாட்சி சொல்லி ஒரு காடு பிழைத்தது!

வானத்தில் இருந்து ஒரு பார்வை

நாலாவது வழி, வானத்தில் இருந்து பார்ப்பது. செயற்கைக் கோள் படம் எடுக்கிறது. பச்சை எங்கே, பொட்டல் எங்கே என்று காட்டுகிறது. விண்வெளி நிலையத்தில் 2018-ம் ஆண்டில் அமெரிக்கா பொருத்திய கருவி லேசர் ஒளியைக் கீழே அனுப்பி மரத்தின் உயரத்தையே அளந்தது. மலையேற வேண்டாம். அட்டைக் கடியும் இல்லை.

நாலு வழியும் கெட்டிக்காரத்தனமானவை. நாலிலும் ஆபத்தும் இருக்கிறது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

பச்சை எல்லாம் காடு அல்ல

இந்திய வன ஆய்வு நிறுவனம் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வன அறிக்கை வெளியிடுகிறது. அதில் வனப் பரப்பு என்றால் என்ன? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம். அதில் 10 சதவீதத்துக்கு மேல் மரக் கிளைகள் மூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான். நிலம் யாருடையது என்ற கேள்வி இல்லை. மரம் என்ன வகை என்ற கேள்வியும் இல்லை. பழத்தோப்பும் சேரும். மூங்கிலும் சேரும். தென்னை, பனையும் சேரும்.

இதை அறிக்கை மறைக்கவில்லை. தெளிவாகவே சொல்லுகிறது. மரப் போர்வை எவ்வளவு என்று அறிய அது நல்ல அளவுகோல். ஆனால் படிக்கிற நாம்தான் "வனம் கூடியது" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு, காடு பிழைத்தது என்று சந்தோஷப்படுகிறோம்.

நீலகிரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே உயரத்தில் இயற்கையாக இருந்தவை இரண்டு. ஒன்று புல்வெளி. மற்றொன்று பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடு. வெள்ளைக்காரர் ஆட்சியில், 19-ம் நூற்றாண்டில், ஆஸ்திரேலியாவில் இருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டு வந்தார்கள். விறகுக்காக நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்காகவும், ரேயான் கூழுக்காகவும் நட்டார்கள். புல்வெளி பெருமளவு மறைந்தது. வரையாடு மேயும் இடம் சுருங்கியது.

செயற்கைக் கோள் படத்தில் இது எப்படித் தெரியும்? புல் இருந்த இடத்தில் மரம்! பச்சை கூடியிருக்கிறது! கணக்கில் லாபம். உண்மையில் நஷ்டம்.

உயரத்தை அளந்தால் சரியாகுமா? அதுவும் ஏமாற்றும். சோலை மரங்கள் குளிரிலும் காற்றிலும் வளர்ந்தவை. குட்டையாக, முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் ஒரு சிறு சோலைக்குள் காட்டுச் செண்பகம், நாவல் வகைகள், இலவங்க வகைகள் என்று பலவும் இருக்கும். ஓரத்தில் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்து நிற்கும். பக்கத்திலேயே கற்பூர மரம் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். எல்லாம் ஒரே வகை. உயரத்தை வைத்து மார்க் போட்டால் கற்பூரத் தோப்புக்கு முதல் பரிசு கிடைக்கும்!

குரங்கும் ஏமாற்றும்

குரங்கின் சாட்சியாவது நம்பத் தக்கதா? வால்பாறைக்குப் போனால் அதுவும் சந்தேகமாகிவிடும். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் துண்டு துண்டாகக் காடு இருக்கிறது. சிங்கவால் குரங்குகள் அங்கேயும் இருக்கின்றன. சாலையில் இறங்கி நடக்கின்றன. வீட்டுக் கூரையில் ஏறுகின்றன. மனிதர் போடும் தீனியைத் தின்னுகின்றன. குரங்கு இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி இருந்த முழுக் காடு இல்லை.

குடும்பக் கணக்கிலும் ஓட்டை உண்டு. நாவல் மரங்களை எடுத்துக் கொள்ளுங்கள். இந்த மலையில் அவை பல வகை. சில வகைகள் இங்கே மட்டுமே உண்டு. "நாவல் குடும்பம், ஒன்று" என்று எழுதினால், அத்தனை வகையும் ஒரே கோட்டுக்குள் மறைந்துவிடும்.

பிரிட்டன் நாட்டிலும் 1993-ம் ஆண்டில் ஒரு பாடம் கிடைத்தது. பறவை வகை அதிகம் உள்ள இடம் எது, வண்ணத்துப்பூச்சி வகை அதிகம் உள்ள இடம் எது என்று விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு இடமாக இருந்தன. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்பது எப்போதும் உண்மை அல்ல.

மலை ஒரே பானை அல்ல

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மலையில் 1,000 மீட்டர் ஏறினால், வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் வியர்க்கும். உச்சியில் கம்பளி வேண்டும். மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவ மழை கொட்டும். கிழக்குச் சரிவு காய்ந்து கிடக்கும். ஏறும் வழியிலேயே முட்காடு, இலையுதிர் காடு, மழைக் காடு, சோலை என்று காடு மாறிக்கொண்டே போகும்.

அப்படியானால் மலை ஒரே பானை அல்ல. அடுக்கி வைத்த பல பானைகள். ஒவ்வொரு பானையிலும் ஒவ்வொரு பண்டம். அடிப்பானையில் எடுத்த சோறு மேல் பானைக்குப் பதம் சொல்லுமா? சொல்லாது. வெடிப்பலா நடு உயரத்துக்குச் சாட்சி. சோலைக்கு அது சாட்சி அல்ல. உயரம் மழைக் காட்டுக்கு ஓரளவு அளவுகோல். சோலைக்கு அது அளவுகோலே அல்ல.

அளவுகோல் தப்பினால் என்ன கெடும்?

"கணக்கு கொஞ்சம் தப்பினால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்பீர்கள். ஆம், முழுகும்.

2022-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. காட்டில் பரவிய அன்னிய மரம் செடிகளை அகற்றி, இயற்கையை மீட்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். இப்போது ஓர் அதிகாரி உண்மையாக உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீகை மரத்தை அகற்றுகிறார். புல்வெளியை மீட்கிறார். அடுத்த படத்தில் என்ன தெரியும்? மரப் பரப்பு குறைந்திருக்கும். "காட்டை அழித்துவிட்டார்" என்று அவருக்குக் கெட்ட பெயர் வரும்.

இன்னொருவர் வேறு ஒரு மலையில் புல்வெளி மேல் ஒரே வகை மரத்தை வரிசையாக நடுகிறார். பச்சை கூடுகிறது. அவருக்குப் பாராட்டு.

தப்பான அளவுகோல், சரியான வேலையைத் தண்டிக்கும். தப்பான வேலைக்குப் பரிசு கொடுக்கும். பணமும் அந்தப் பக்கமே போகும். அதுதான் ஆபத்து.

என்ன செய்ய வேண்டும்?

மாற்று அளவுகோலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாமல் முடியாது. ஆனால் நாலு காரியம் செய்ய வேண்டும்.

முதலாவது: ஒவ்வொரு மலையிலும் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, முதுமலையில் செய்தது போல முழுமையாக எண்ண வேண்டும். அந்த உண்மைக் கணக்கோடு மாற்று அளவுகோலை ஒத்துப் பார்க்க வேண்டும். தராசையே முத்திரை போட்டுத்தானே கடையில் வைக்கிறோம்? காட்டை அளக்கும் தராசுக்கு முத்திரை வேண்டாமா?

இரண்டாவது: அடிவாரம், நடு உயரம், உச்சி என்று தனித்தனியே அளக்க வேண்டும். அளவுகோல் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது: இயற்கைக் காடு எவ்வளவு, நட்டு வளர்த்த தோப்பு எவ்வளவு, புல்வெளி எவ்வளவு என்று தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும். புல்வெளி மீண்டால் அதையும் வரவில் வைக்க வேண்டும்.

நாலாவது: மலை மக்களைக் கூட அழைத்துச் செல்ல வேண்டும். பொதிகையில் காணிக்காரர் இருக்கிறார்கள். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் இருக்கிறார்கள். காட்டோடு பழகியவர்கள் பட்டையைக் கீறி, வாசனை பார்த்து மரத்தின் பெயரைச் சொல்லுவார்கள். அவர்களை மூட்டை தூக்க மட்டும் கூப்பிடக் கூடாது. அவர்களுடைய அறிவுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். கூலியும் அதற்குத் தக்கபடி கொடுக்க வேண்டும்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை "காடு வளர்ந்தது" என்று பத்திரிகையில் படித்தால், மூன்று கேள்வி கேளுங்கள். "என்ன மரம்? எத்தனை வகை? அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?" வீட்டில் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போனால், "எவ்வளவு பச்சை!" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். ஓர் இடத்தில் நின்று, எத்தனை விதமான இலை கண்ணில் படுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

கடைசியாக, மறுபடியும் அந்த அம்மாவிடமே வருவோம். அவள் ஒரு சோற்றைத்தான் நசுக்கினாள். ஆனால் அதற்கு முன்னால் பானையை அடிவரை கிளறிவிட்டாள். அரிசி பழையதா புதியதா என்று அவளுக்குத் தெரியும். அடுப்பின் சூடும் தெரியும். பல வருடம் அதே பானையில் சமைத்த கை அது. அதனால்தான் ஒரு சோறு அவளுக்கு உண்மையைச் சொன்னது.

பானையை அறியாதவர் கையில் ஒரு சோறு பதம் ஆகாது. மலையை அறிந்துகொண்டு அளப்போம். அப்போதுதான் ஆறு ஓடும். ஆறு ஓடினால்தான் பானையில் சோறு இருக்கும்.